அப்பு இறங்குது

முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது, கல்யாண மண்டபத்து வாசலில், அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழியின் மேலிருந்த காவல்மூடி "உயர்திணை இறங்கலாகாது" என்று சொல்லித் தன்னை இறுக்கிக்கொண்டது.

பவுனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெண்ணுக்குத் தாய் அவள். கட்டியிருந்த பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மூடியருகே குனிந்தாள்.

"ஏங்க, ஆளுங்க யாரும் இறங்கலைங்க. அப்புதான் இறங்கப்போறான்."

"அப்பு உயர்திணை. இறங்கலாகாது," என்றது மூடி.

அப்பு ஆளே இல்லை. ஆறு கால், இரண்டு கை, வயிற்றில் ஓர் உறிஞ்சுகுழல் உள்ள, சாக்கடை அடைப்பெடுக்கும் இயந்திரம். நகராட்சி ஏட்டில் அதன் பெயர் அகழ்பொறி முப்பத்தொன்று. மூன்று வருடமாக அதை ஓட்டுகிறவள் பவுனு. அவள் வைத்த பெயர்தான் அப்பு. மகள் கல்யாணத்துக்கு அப்பு வராமலா? விடியற்காலையிலேயே குளிப்பாட்டி, மாலை போட்டு, வாசலில் நிறுத்திவிட்டாள். வந்த சனமெல்லாம் அதோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, "அப்பு சாப்பிட்டானா? அப்பு மொய் எழுதினானா?" என்று ஒரே கேலி. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஏனென்றால் காவல்மூடிக்குக் காது உண்டு. முதலில் வந்த மூடிகளுக்கு மூக்குதான் இருந்தது. குழிக்குள் நச்சுவளி இருந்தால் மோப்பம் பிடித்துப் பூட்டிக்கொள்ளும். ஒப்பந்தக்காரர்கள் அந்த மூக்கில் பாலித்தீன் பையைக் கட்டிவிட்டு ஆளை இறக்கினார்கள். அடுத்து கண் வைத்தார்கள். கண்ணில் சாணியை அப்பினார்கள். கடைசியில் ஒரு மொழிப் பொறியாளர்தான் வழி கண்டுபிடித்தார். நம் ஆட்கள் எதை வேண்டுமானாலும் மறைப்பார்கள், ஆனால் வினைமுற்றை மறைக்கத் தெரியாது. "இறங்குறான்" என்றால் ஆள், "இறங்குது" என்றால் பொருள். பத்தடிக்குள் பேசுவதையெல்லாம் மூடி கேட்டு எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு பெயருக்கு எந்த முற்று அதிகமாக வருகிறதோ அதுதான் தீர்ப்பு. அதோடு, மூடி பக்கத்தில் யாரையும் 'அது' என்று சொல்லாமல் மரியாதையாகத்தான் பேச வேண்டும் என்று சட்டமும் வந்தது. பேசிப் பேசி நாக்கு பழகி, ஊரே இப்போது மூடியைக்கூட "ஏங்க" என்கிறது. நாலு வருடமாகக் குழிக்குள் ஒரு சாவு இல்லை.

இப்போது கழிவுநீர் கொப்பளித்து வாசல் கோலத்தை அழித்துவிட்டு, பந்திக்கூடத்துப் படியைத் தொட்டது.

பவுனின் கணவன் காத்தவராயன் சத்தமில்லாமல் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தான். பத்தொன்பது வருடம் குழியில் இறங்கியவன் அவன்.

"பின்பக்கம் பழைய குழி ஒண்ணு இருக்கு பவுனு. காவல்மூடி கெடையாது, பலகைதான். அப்பு நுழைய எடம் பத்தாது, ஆள் நுழையலாம். ரெண்டு நிமிச வேல."

அவள் அவன் வேட்டி முனையை எட்டிப் பிடித்தாள். "உங்க அண்ணனும் ரெண்டு நிமிசத்துலதான் போனாரு. கல்யாணமே நின்னாலும் சரி, நீங்க எறங்கக் கூடாது."

"பொண்ணு அழுதுட்டிருக்கா பவுனு."

"அழட்டும். அப்பன் இல்லாம அழுறதுக்கு இது எவ்வளவோ மேல்."

விருந்துக்கு வந்திருந்த நகராட்சி உதவிப் பொறியாளர் நல்லதம்பி, கையில் பூசிய சந்தனத்தோடு மூடியருகே உட்கார்ந்து அதன் எண்ணிக்கையைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பவுனம்மா, நேத்து வரைக்கும் அப்பு அஃறிணைதான். இன்னைக்குக் காலைல மட்டும் நாலாயிரத்து இருநூறு தடவை அவனை ஆளாக்கியிருக்காங்க உங்க சொந்தக்காரங்க. அதுக்கு மேல 'இறங்குது' கேட்டாத்தான் திறக்கும்."

"எத்தனை பேர் சார் வந்திருக்காங்க?"

"நானூறு இருக்கும்."

"ஆளுக்குப் பதினோரு தடவை," என்ற பவுனு, நனைந்த புடவையோடு ஓடிப்போய்த் தவில்காரரின் காதில் ஏதோ சொன்னாள்.

தவில் முழங்கியது. சாக்கடைத் தண்ணீரில் செருப்போடும் செருப்பில்லாமலும் நானூறு பேர் மூடியைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். "அப்பு இறங்குது! அப்பு இறங்குது!" மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், பெண் வீட்டார் ஒரு பக்கம், யார் குரல் பெரிது என்று போட்டியே வந்துவிட்டது. அழுதுகொண்டிருந்த மணப்பெண் மாடி ஜன்னலில் நின்று கைதட்டினாள்.

பவுனுக்கு மட்டும் வாய் வரவில்லை. அப்புவின் காது எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். முந்தானையால் அதைப் பொத்திக்கொண்டாள். காத்தவராயன், "எனக்கு ஒரு நாளாவது இப்படிப் பொத்தியிருக்கியா?" என்று கேட்டான். அதைக் கேட்டு அவள் சிரித்துவிட்டாள்.

மூடி சட்டென்று திறந்தது. மாலையைக் கழற்றிவிட்டு அப்பு உள்ளே போனது. பவுனின் கையிலிருந்த இயக்குபலகையில் நச்சுவளியின் அளவு ஏறிக்கொண்டே போய்ச் சிவப்பில் நின்றது. மனிதன் ஒரு மூச்சு இழுத்தால் இரண்டாவது மூச்சு கிடையாது. பவுனு கணவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவன் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தான்.

நல்லதம்பியின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "ஒண்ணு தோணுது பவுனம்மா. நானூறு பேர் சேர்ந்து கத்தினா மனுசனையும் இப்படி 'அது'வாக்கிடலாமே. மூடி திறந்துடுமே."

"நானூறு பேர் எதுக்கு சார்?" என்றாள் பவுனு, பலகையிலிருந்து கண்ணெடுக்காமல். "இவர 'அது'வாக்கி எறக்குறதுக்கு, உங்க நாற்காலில முன்னாடி உக்காந்திருந்த ஒருத்தர் போதுமா இருந்துச்சு."

நல்லதம்பி உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். கையிலிருந்த சந்தனம் காய்ந்து உதிர்ந்தது.

கீழே ஏதோ அறுந்தது. தேங்கிய தண்ணீர் முழுக்கச் சுழித்துக்கொண்டு உள்ளே போனது. சேறு பூசி, இரண்டு கையிலும் ஒரு பொதியைத் தூக்கிக்கொண்டு அப்பு மேலே வந்தான். குழந்தைகளின் டயப்பர்கள், பிளாஸ்டிக் டம்ளர்கள், கல்லாக உறைந்த சமையல் எண்ணெய், போன வாரக் கல்யாணத்து பேனர் ஒன்று. அந்தப் பேனரில் யாரோ ஒரு மாப்பிள்ளை இன்னும் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டான்!" என்று கத்தினாள் பவுனு. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"வந்துட்டான்! அப்பு வந்துட்டான்!" நானூறு பேரும் பிடித்துக்கொண்டார்கள். இந்த முறை யாரும் எண்ணவில்லை, தவில்காரரும் நிறுத்தவில்லை. காத்தவராயன் மாலையை எடுத்து மறுபடி அப்புவின் கழுத்தில் போட்டு, சேற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான்.

மூடி படாரென்று மூடிக்கொண்டது. "அப்பு உயர்திணை. இறங்கலாகாது."

நல்லதம்பி மூடியின் எண்ணிக்கையைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். அது பதினோராயிரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"போச்சு. அடுத்த தடவை அடைச்சா யாரை இறக்குறது? மறுபடி கூட்டம் கூட்டி மாத்திச் சொல்ல வைக்கலாமா?"

"சொல்ல மாட்டாங்க சார். இப்ப மனசாரச் சொல்லிட்டாங்களே," என்றாள் பவுனு. "இனிமே யாரும் இறங்க வேணாம். அடைக்காமப் பாத்துக்கச் சொல்லுங்க."

வடை சுட்டு முடித்திருந்த சமையல்காரர், கரி பிடித்த எண்ணெய்ச் சட்டியைக் கழுவுதொட்டியில் கவிழ்க்கப்போனவர், அப்படியே நின்றார். சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"அப்ப இதை எங்கங்க ஊத்துறது?" என்று கேட்டார்.

நானூறு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.