காலித் தொட்டிக்கு ஒரு சிட்டிகை

ராத்திரி காலித் தொட்டியில் போட்ட தீனி, காலையில் பார்த்தால் இல்லை.

அது தின்பதற்காகப் போட்டதல்ல, அழுகுவதற்காகப் போட்டது. கடல்நீர்த் தொட்டி என்பது வாங்கினோம், மீனை விட்டோம் என்கிற சமாச்சாரம் இல்லை என்று வளர்ப்பு மீன் கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

“உப்பு கலந்து, இந்த உயிர்க்கல்ல உள்ள வச்சு, ஆறு வாரம் விட்டுடுங்க சார். மீன் கீன் எதுவும் வேணாம். ஆனா தெனமும் ஒரு சிட்டிகை தீனி போடணும். உள்ள ஆள் இருக்கறதா நெனச்சுக்கிட்டுப் போடுங்க. அது அழுகினாத்தான் தண்ணி மீனுக்குப் பழகும். தீனி காணாம போச்சுன்னா மட்டும் கல்லத் திருப்பிக் கொண்டாந்துடுங்க. கடல்லேருந்து வர்ற கல்லு. ஓட்டைக்குள்ள என்ன ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்னு எனக்கே தெரியாது.”

குப்பியில் எடுத்த தொட்டித் தண்ணீரில் சோதனை மருந்தை ஐந்து சொட்டு விட்டால் அது பச்சையாக வேண்டும். அழுகல் இருக்கிறது என்று அர்த்தம். தொட்டியை வாங்கியவர் குப்பியைக் குலுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், நாள் முழுக்க ஊரார் கண்ணுக்கு அளவெடுப்பவர், நிறத்தில் ஏமாற மாட்டார். குப்பியில் இருந்தது மஞ்சள்.

மனைவி பிரிந்துபோய் இரண்டு வருடம். ஒன்பது வயது மகள், சிட்டு என்று கூப்பிடுவார், சனிக்கிழமை காலை பத்துக்கு வந்து மாலை ஆறுக்குப் போய்விடுவாள். ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “உங்க வீட்ல யாருமே இல்லப்பா” என்றாள். மீன் கடைக் கண்ணாடியில் அவள் மூக்கை அழுத்திக்கொண்டு அரை மணி நேரம் நகராமல் நின்றதைப் பார்த்த அன்றுதான் தொட்டியை வாங்கினார்.

இரண்டாவது வாரம், சாப்பாட்டுத் தட்டோடு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பம்பு தொண்டைக்குள் முனகுவதுபோல முனகிக்கொண்டிருந்தது. நீல விளக்கு சுவரெல்லாம் நெளிந்தது. ஈரத்துணியை மூடிவைத்த வாடையும் உப்பு வாடையும் கலந்து மூக்கின் அடியில் நின்றது. அப்போதுதான் கல்லின் பெரிய ஓட்டைக்குள் வெளிறிய ஒன்று விரிந்து மூடுவதைப் பார்த்தார். ஐந்து பிரிவு. கைக்குழந்தையின் உள்ளங்கை அளவு.

எழுந்து ஓடத்தான் நினைத்தார். ஆனால் வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

“சாப்டாச்சா?”

இரண்டு வருடமாக யாரிடமும் கேட்காத கேள்வி. கேட்டதும் கண் கலங்கிவிட்டது.

மறுவாரம் கடைக்காரர் போனில் விசாரித்தார். “தீனி அழுகுதா சார்?”

“அழுகுது” என்றார். கூசாமல் வந்தது அந்தப் பொய்.

பிறகு ஒருநாள் காலையில், தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாக ஓர் உப்புக் கோடு இறங்கியிருந்தது. உப்புத் தண்ணீர் தெறித்தால் உப்புப் பூக்கத்தான் செய்யும் என்று துடைத்துவிட்டார். மறுநாள் கோடு மேசைக்கால் வழியாகத் தரைக்கு வந்திருந்தது. அதற்கு மறுநாள் கூடத்தைத் தாண்டி, அவருடைய கட்டில்கால் வரை வந்து, அங்கே கொஞ்ச நேரம் நின்றதுபோல வட்டமாகப் பூத்து, திரும்பிப் போயிருந்தது. அதையும் துடைத்தார். அன்றிலிருந்து இரண்டு சிட்டிகை போட்டார்.

வியாழனும் வெள்ளியும் வேண்டுமென்றே எதுவும் போடவில்லை. பசியோடு இருந்தால்தானே சிட்டு போடும்போது வெளியே வரும்? இந்த வீட்டிலும் ஒருவர் இருக்கிறார் என்று அவளுக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. வெள்ளிக்கிழமை முழுக்க அது கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தது. டக். டக். காதில் விழாததுபோல இருந்தார்.

சனிக்கிழமை சிட்டு நகத்துக்கெல்லாம் நீலச் சாயம் பூசிக்கொண்டு வந்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு நேராகத் தொட்டிக்குப் போனவள், அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அது ஓட்டைக்குள்ளேயே பதுங்கி இருந்தது. மாலை ஆகும்போதுதான் விரிந்தது.

“அப்பா, இங்க யாரோ இருக்காங்க.”

“ஆமா கண்ணு.”

“அப்ப நான் இன்னிக்கு இங்கேயே இருக்கேன்.”

அவர் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீழே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் அம்மா மாடிக்கு வருவதில்லை. தீனி டப்பாவை மகள் கையில் கொடுத்தார்.

“அம்மாகிட்ட சொல்லிட்டு வந்துடறேன். ஒரு சிட்டிகை போதும். கைய உள்ள விடாத.”

கீழே, சிட்டு தங்கப்போகிறாள் என்றதும் அவள் அம்மா நம்பாமல் பார்த்தாள். “அவளாவே சொன்னாளா?”

“அவளாத்தான்.”

“சரி, நாளைக்குக் காலைல வர்றேன். பல் தேய்க்க பிரஷ் இல்ல, ஒண்ணு வாங்கிக் குடுங்க.” கார் கிளம்பிப் போனது. முனைக் கடையில் சின்னதாக, மஞ்சளில், ஒரு பிரஷ் வாங்கினார். மொத்தமே கால்மணி நேரம் இருக்கும். படியேறும்போது, எத்தனையோ நாளுக்குப் பிறகு, தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

கதவு அவர் சாத்தியபடியே இருந்தது.

“சிட்டு?”

பம்பின் முனகல். உப்பு வாடை, முன்னைவிடக் கனமாக.

நாற்காலியில் அவள் கவுன். ஈரம். ஓரங்களில் உப்பு. உள்ளே யாரும் இல்லை.

டப்பா தரையில் கிடந்தது. மூடி திறக்கப்படவே இல்லை.

தொட்டியில் அவர் கோடு போட்டு வைத்திருந்த அளவைத் தாண்டித் தண்ணீர் ஏறியிருந்தது. விளிம்பு வரை. வழிந்து, மேசை நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஏதோ பெரிதாக உள்ளே வைத்ததுபோல. ஆனால் உள்ளே கல் மட்டும்தான் இருந்தது.

டக்.

பெரிய ஓட்டையில் அது விரிந்து மூடியது. வயிறு நிறைந்த நிதானம்.

டக். டக்.

இது வேறு ஓட்டை. நேற்று வரை இல்லாதது. அதற்குள்ளிருந்து வெளிறிய ஐந்து, மெதுவாக, விரிந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் நீலம். சாயம் இன்னும் பளபளத்தது.

விரிந்தது. மூடியது. விரிந்தது. கேட்கிற மாதிரி.

ஒரு கையில் மஞ்சள் பிரஷைப் பிடித்தபடியே, அவர் குனிந்து டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்தார்.