வெந்நீர்த் தொட்டியில் ஒரு சார்ஜென்ட்

பிணம் குப்புற மிதந்தது.

1980, மே மாதம். திங்கட்கிழமை காலை ஏழு பத்து. இன்சோன் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் யாக்சு குளியல் நிலையம். ஆண்கள் பக்கத்துப் பெரிய வெந்நீர்த் தொட்டி.

முதலில் பார்த்தவன் கில். முதுகு தேய்த்துவிடுகிற ஆள். பச்சைத் தேய்ப்புத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தவன், சார் இன்றைக்கு ரொம்ப நேரம் மூச்சடக்குகிறாரே என்று நினைத்து, மரியாதையாக ஒரு நிமிடம் நின்றான்.

ஒரு நிமிடம் முடிந்தது.

இன்னொரு நிமிடமும் முடிந்தது.

அப்புறம்தான் தொட்டியின் ஓரத்து டைல்ஸில் ரத்தத்தைப் பார்த்தான்.

இடுப்புத் துண்டோடு டிக்கெட் ஜன்னலுக்கு ஓடினான். உள்ளே ஓக்-புன் பார்லி டீயை ஊதிக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வயது. புருஷன் போனபிறகு ஒன்பது வருடமாக அந்த இடத்தைத் தனியாக நடத்துகிறவள்.

"அக்கா... பியோன் சார்..."

"என்னவாம், சூடு பத்தலையாமா?"

"செத்துட்டாரு."

டீ மடியில் கொட்டியது. சுட்டது அவளுக்குத் தெரியவில்லை.

வேறு யார் செத்திருந்தாலும் பரவாயில்லை. பியோன் ராணுவ உளவுப் பிரிவு சார்ஜென்ட். இருபது நாளாகத் தினமும் ஆறரைக்கு வருவான். ஒட்ட வெட்டிய தலை, கறுப்புக் கண்ணாடி. அவன் தெருவில் நடந்தால் சூப் கடைக்காரர் ரேடியோவைத் தணித்துவிட்டு, கேட்காமலே ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைப்பார். முடி வெட்டுகிறவர் மற்றவர்களை எழுப்பிவிட்டு நாற்காலியைத் துடைப்பார்.

நாடும் அப்படித்தான் இருந்தது. சனிக்கிழமை நள்ளிரவோடு ராணுவச் சட்டம் நாடு முழுக்க வந்துவிட்டது. பாராளுமன்ற வாசலில் டாங்கி. கல்லூரிக் கதவுகளில் பூட்டு. எல்லைக்கு வடக்கே இருக்கும் எதிரி எந்த நிமிடமும் இறங்குவான், ஆகவே எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று ரேடியோவில் மணிக்கு ஒருமுறை ஒரே குரல் சொல்லிக்கொண்டிருந்தது. பிடித்துச் செல்லப்பட்டவர்கள் எங்கே என்று கேட்கப் போனவர்களும் வீடு திரும்பவில்லை.

இப்படிப்பட்ட வாரத்தில், உளவுப் பிரிவு ஆள் ஒருவன் அவளுடைய தொட்டியில் செத்து மிதக்கிறான்.

ஓக்-புன்னின் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது...

தொட்டிக்குப் பின்னால் ஒரு சுவர். சுவருக்குப் பின்னால் பாய்லர் அறை. பாய்லர் அறையில் ஜங்-வோன்.

ஜங்-வோன் அவளுடைய புருஷனின் தங்கை. முப்பத்து நான்கு வயது. நூற்பாலைப் பெண்களின் சங்கத் தலைவி. ஞாயிறு விடியற்காலையில் ஆலை விடுதிக்குள் ராணுவம் புகுந்தபோது, சமையலறை ஜன்னல் வழியாகக் குதித்து, செருப்பில்லாமல் ஓடிவந்தவள். மத்தியானத்துக்குள் அவள் படம் தெருமுனைக் கம்பத்தில் ஒட்டப்பட்டுவிட்டது. அந்தக் கம்பத்தடியிலேயே துப்பாக்கியோடு நான்கு சிப்பாய்கள்.

பாய்லர் அறையின் பின்கதவு அந்த முனையைப் பார்த்துத்தான் திறக்கும்.

அவளை வெளியே அனுப்ப முடியாது. போலீசுக்குச் சொன்னால் அறை அறையாகத் தேடுவார்கள். சொல்லாவிட்டால், பியோனைத் தேடி அவனுடைய ஆட்களே வருவார்கள். அதைவிட போலீஸ் மேல்.

போலீசுக்குப் போன் செய்தாள்.

எட்டே நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் மேங் வந்தார். ஐம்பது வயது, எப்போதும் வாயில் ஒரு வயிற்றுவலி மாத்திரை. கூட வந்த இரண்டு கான்ஸ்டபிள்களைத் தெருவாசலிலேயே நிறுத்தி, யாரையும் உள்ளே விடாதீர்கள் என்றார். ஷூவைக் கழற்றிவிட்டு ஈரத் தரையில் நடந்தார். கில்லும் அவருமாகப் பிணத்தைப் புரட்டினார்கள்.

முகத்தைப் பார்த்தார்.

மாத்திரையை அப்படியே விழுங்கிவிட்டார்.

"இவரா..."

நேராகப் போன் இருந்த இடத்துக்குப் போனார். உளவுப் பிரிவு எண்ணைச் சுழற்றி, நின்றபடியே, தலையைக் குனிந்து குனிந்து பேசினார். அந்தப் பக்கம் செத்தவனின் பெயரையும் பதவியையும் எழுதிக்கொண்டு, திரும்ப அழைப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

செத்தவனின் கணுக்காலில் ரப்பர் பட்டையோடு லாக்கர் சாவி இருந்தது. திறந்து பார்க்கலாமா என்று கில் கேட்டான்.

"அவங்க ஆளோட பொருளை நான் தொடுறதா? உனக்கு என் மேல என்னடா கோபம்?"

ஓக்-புன் மெல்ல முன்னால் வந்தாள். "சார், சோப்புல வழுக்கி விழுந்திருக்கலாம். தலையில அடிபட்டு..."

"உளவுப் பிரிவு சார்ஜென்ட் சோப்புல வழுக்கிச் செத்தான்னு நான் எழுதணும். அதை அவனோட மேஜர் படிக்கணும். இல்லையாம்மா?"

அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

"கேட்டுக்கம்மா. இன்னும் கொஞ்ச நேரத்துல அவங்க வருவாங்க. வரும்போது என் கையில ஒரு ஆள் இருக்கணும். இல்லேன்னா என்னைக் கூட்டிட்டுப் போவாங்க. எனக்கு மூணு பொண்ணுங்க."

அவர் மிரட்டவில்லை. பயந்துபோன மனிதர் உண்மையைச் சொன்னார். அதுதான் ஓக்-புன்னை நடுங்க வைத்தது.

பியோன் குளித்தபோது ஆண்கள் பக்கம் வேறு யாரெல்லாம் இருந்தார்கள் என்று கேட்டார். இருந்தது இரண்டே பேர். கில் ஒருவன். பாய்லர்காரர் சோன்-சூ ஒருவர். இன்ஸ்பெக்டரின் பார்வை கில்லிடம் வந்து நின்றது. நின்றது... நகரவில்லை.

கில் சோன்-சூவோடு ஆறு வருடமாக ஒரே சட்டியில் நூடுல்ஸ் சாப்பிடுகிறவன்தான். ஆனாலும் சொல்லிவிட்டான்.

"சார்... அவரு வடக்குலேருந்து வந்தவரு."

மேங் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

சோன்-சூவைக் கூப்பிட்டார்கள். கையில் எண்ணெய்க் கறையோடு வந்து நின்றார். ஐம்பத்தேழு வயது. பேச்சில் அந்த ஊர் இழுவை இன்னும் போகவில்லை.

"எந்த மாகாணம்?"

"ஹ்வாங்ஹே. சண்டை நடந்தப்போ படகுல வந்தேன். மூணு நாள்ல திரும்பிடலாம்னாங்க."

"எத்தனை வருஷம் ஆச்சு?"

"முப்பது ஆகப் போவுது."

"அங்கே யாரு இருக்காங்க?"

"பொண்டாட்டி. ஒரு பொண்ணு."

"லெட்டர் வருமா?"

"அங்கேருந்து லெட்டர் எப்படி சார் வரும்?"

"அதைத்தான் அவங்களும் கேப்பாங்க. வேற மாதிரி கேப்பாங்க."

மேங் நோட்டுப் புத்தகத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார். ஓக்-புன் எட்டிப் பார்த்தாள்.

உளவாளி.

கைவிலங்கு பூட்டும்போது சோன்-சூ எதிர்க்கவில்லை. ஓக்-புன்னைப் பார்த்து, "அம்மா, பாய்லர் ரூம் பக்கம் யாரையும் விடாதீங்க. பைப்பு கொதிக்குது" என்று மட்டும் சொன்னார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பேச்சு ஒன்றுமில்லை. உள்ளே இருப்பவளைக் காப்பாற்றும் பேச்சு.

ஓக்-புன்னுக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆள் கிடைத்துவிட்டார், இனி யாரும் தேடமாட்டார்கள். ஜங்-வோன் பிழைத்துக்கொள்வாள். அந்த எண்ணம் வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நாக்கு எழவில்லை...

பாய்லர் அறைக் கதவு திறந்தது.

முகமெல்லாம் கரியோடு ஜங்-வோன் வந்து நின்றாள்.

"அவரை விடுங்க. அவரு இல்ல."

"ஐயோ, போடி உள்ளே" என்றாள் ஓக்-புன். அழுகையில் பாதி வார்த்தைதான் வெளியே வந்தது.

"வேணாம் அண்ணி. என்னால முடியல."

அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னாள். தொட்டியைப் பார்ப்பதற்காகச் சுவரில் திறந்து மூடுகிற ஒரு சின்ன மரப் பலகை இருக்கிறது. அதன் இடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்தாள். பியோன் வெந்நீரிலிருந்து சட்டென்று எழுந்தான். தலை சுற்றியது போல ஆடினான். காலை எடுத்து ஓரத்தில் வைத்தான்... வழுக்கியது. பின்மண்டை ஓரத்து டைல்ஸில் மோதியது. அப்படியே தண்ணீருக்குள் சரிந்தான்.

"அப்போ சோன்-சூ?"

"எண்ணெய் டின் எடுக்கக் கொட்டகைக்குப் போயிருந்தாரு. கில் முதுகு தேய்க்கிற துணியை அலசிட்டிருந்தான். பார்த்தது நான் மட்டும்தான்."

கொஞ்சம் நிறுத்தினாள். குரல் இறங்கியது.

"கை கொஞ்ச நேரம் ஆடுச்சு சார். நான் ஒரு சத்தம் போட்டிருந்தா கில் ஓடி வந்திருப்பான். அந்த ஆளு பொழச்சிருப்பான். போடல. நான் மாட்டிக்குவேனேன்னு வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன். ஒருத்தனை அப்படிச் சாக விட்டாச்சு. இவரையும் அப்படி விட முடியாது."

மேங் அவள் முகத்தையே பார்த்தார். கரிக்கு அடியில் இருந்த முகம் அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் படத்தை ஒட்டச் சொன்னதே அவர்தான்.

"நீ..."

போன் அடித்தது.

மேங் ஓடிப்போய் எடுத்தார். உடம்பு விறைத்தது, குதிகால் சேர்ந்தது.

"ஆமா சார். பியோன், சார்ஜென்ட்... உங்க ஆளுதான் சார்... என்ன சார்?"

அவர் முகம் வெளுப்பதை மற்றவர்கள் பார்த்தார்கள்.

"இல்லையா? ...அந்தப் பேர்லயே யாரும் இல்லையா?"

கண்ணை மூடிக்கொண்டார். தான் தப்பாகப் பார்த்துவிட்டதாகவும், யாரோ சாதாரண ஆள் என்றும், மன்னிக்க வேண்டும் என்றும் ஏழெட்டு தடவை சொன்னார். ரிசீவரைக் கீழே வைத்தபோது அது இரண்டு தரம் நழுவியது.

பிறகு ஒன்றும் பேசாமல் போய், செத்தவன் கணுக்காலிலிருந்து சாவியைப் பிடுங்கி லாக்கரைத் திறந்தார்.

முழங்கை தேய்ந்த கோட்டு. கறுப்புக் கண்ணாடி. ஒரு தோல் பை. பைக்குள் கனமான கலைக்களஞ்சியம், முதல் தொகுதி மட்டும். அட்டையில் 'மாதிரிப் பிரதி' என்று முத்திரை. கூடவே 'விற்பனையாளர்' என்று அச்சடித்த பெயர் அட்டைகள்.

வீடு வீடாகப் போய்க் கலைக்களஞ்சியம் விற்கிறவன்!

தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கிக்கொண்டான். அவ்வளவுதான் செய்தான். மிச்சத்தை இந்தத் தெருவின் பயம் செய்துகொடுத்தது. கார்டைக் காட்டு என்று கேட்கிற துணிச்சல் ஒருவருக்கும் இல்லை. இன்ஸ்பெக்டருக்கும்.

கோட்டின் உள்பையில் மடித்த தாள்கள் இருந்தன. தேடப்படுகிறவர்களின் பட்டியல். டைப் அடித்து, முத்திரை வைத்து, கீழே கையெழுத்து.

மேங்கின் கையெழுத்து.

"நேத்து ஸ்டேஷனுக்கு வந்து கேட்டான். ஞாயித்துக்கிழமைன்னும் பாக்காம டைப் அடிச்சு, சல்யூட் வெச்சு, ரெண்டு காப்பியா கொடுத்தேன்" என்றார். சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. ரகசியப் பட்டியலைப் புத்தக வியாபாரிக்குக் கொடுத்த போலீஸ்காரனை ராணுவக் கோர்ட் என்ன செய்யும் என்று அங்கே யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சோன்-சூவின் விலங்கைக் கழற்றினார். நோட்டுப் புத்தகத்தில் எழுதிய பக்கத்தைக் கிழித்தார். அதையும் பட்டியலையும் அவர் கையிலேயே கொடுத்து, அடுப்பில் போடச் சொன்னார். சோன்-சூ மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே போனார். கில் அவர் பின்னாலேயே போய், பாய்லர் அறை வாசலில் மண்டியிட்டு, "அண்ணே" என்று ஆரம்பித்தான். சோன்-சூ திரும்பவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

ஜங்-வோன் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் அது பசித்த முகமாக இருந்தது. தன் தலைத்துணியை அவிழ்த்து அதன்மேல் போர்த்தினாள்.

மேங் புதுப் பக்கத்தில் எழுதினார். புத்தக விற்பனையாளர், சோப்பில் வழுக்கி மரணம். வீட்டாருக்குத் தகவல் சொல்லவும்.

எழுதி முடித்துவிட்டு, பெண்கள் பக்கத்தை எட்டு மணிக்குத் திறந்துவிடும்படி ஓக்-புன்னிடம் சொன்னார். குளித்த ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் குளியல் பேசின் ஏந்தி நான்கு பெண்களோடு ஜங்-வோனும் சேர்ந்து போனால், முனையில் நிற்கிற சிப்பாய் வெட்கப்பட்டு வேறு பக்கம்தான் பார்ப்பான் என்றார்.

ஜங்-வோனுக்கு நம்ப முடியவில்லை. கதவருகே நின்று திரும்பினாள்.

"சார்... என்னைப் பார்த்ததா எழுதலையா?"

மேங் புது மாத்திரை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

"ஆம்பளைங்க குளிக்கிற எடத்துல ஒரு பொம்பளையோட நின்னு பேசினேன்னு எழுதறதா? ராணுவம் விட்டாலும் என் பொண்டாட்டி விடமாட்டாம்மா."