திரும்பி வரும் குழாய்

சின்ன அறையின் ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் குழாய், அந்த அறையைவிடக் குளிர்ந்திருந்தது.

ரதிக் மண்டியிட்டு அதை மறுபடி தொட்டுப் பார்த்தான். உறைந்த ஆற்றில் துளை போட்டுக் கையை விட்டது போலிருந்தது. இது நடக்கவே முடியாத விஷயம். மேசைமேல் மறந்துவிட்ட தேநீர் ஆறும். எத்தனை நேரம் வைத்தாலும் அறையின் சூட்டுக்கு வந்து நின்றுவிடும், அதற்குக் கீழே இறங்காது. ரேடியேட்டரும் அப்படித்தான். கொதிகலனிலிருந்து வரும் வெந்நீர் மேல்குழாய் வழியாக உள்ளே நுழைகிறது, இரும்பு விலாக்களுக்குள் இறங்குகிறது, சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுக் கீழ்க்குழாய் வழியாகத் திரும்புகிறது. அறையின் சூட்டுக்கு வந்தபின் அதனிடம் கொடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. ஆனால் இந்தக் குழாயின்மேல் நீர்த்துளிகள் கோத்து, வளைவில் வெள்ளையாக உறைந்திருந்தன.

பெரிய அறையின் ரேடியேட்டரில் கை வைக்க முடியாத சூடு. ஆனாலும் அந்த அறையில் மகளைப் படுக்க வைக்க வழியில்லை. உறைநிலத்தில் கட்டடத்தைத் தாங்க நட்டிருந்த தூண்கள் ஒரு பக்கமாக இறங்கி, வெளிச்சுவரின் மூலை பிளந்திருந்தது. எத்தனை கம்பளியைத் திணித்தாலும் பனித்தூள் உள்ளே உதிர்ந்துகொண்டே இருந்தது. அல்சுவுக்கு ஆறு வயது. நிமோனியாவில் கிடந்து, போன வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். இன்னொரு முறை நெஞ்சில் குளிர் இறங்கினால் தாங்க மாட்டாள் என்று டாக்டர் அவன் முகத்தைப் பார்க்காமல் சொல்லியிருந்தார். அவள் அம்மாவையும் இதே குளிர்தான் கொண்டு போயிருந்தது. வசந்தத்தில் அரசு தெற்கே வீடு தருவதாகப் பேச்சு. அதுவரை குழந்தைக்கு ஒரு சூடான அறை வேண்டும், அவ்வளவுதான்.

ரஷ்யாவின் வடகோடியில், வர்கூத்தா நகருக்கு வெளியே, சுரங்கம் மூடியபின் காலியாகிப்போன குடியிருப்பு அது. அந்த நீளமான கட்டடத்தில் ஒரே ஒரு படிக்கட்டைச் சுற்றித்தான் ஆட்கள் இருந்தார்கள். சின்ன அறைச் சுவருக்கு அப்பால் இருந்த வீடுகளுக்கு வெப்பத்தை நிறுத்தி இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. டிசம்பர் கடைசியில் சூரியன் எழுவதேயில்லை. மதியச் சூப்பைக் குடிக்கும்போதும் ஜன்னலில் இருட்டுதான்.

ரதிக் சுரங்கத்தில் பம்பு மெக்கானிக்காக இருந்தவன். முதலில் ரேடியேட்டரின் மூலையில் இருந்த திருகைத் திறந்து காற்று அடைத்திருக்கிறதா என்று பார்த்தான். சீறலே இல்லை, உடனே தண்ணீர் வந்தது. பிறகு அடியில் சேறு படிந்திருக்குமோ என்று கழற்றி அலசினான். சுத்தமாக இருந்தது.

மேல்வீட்டு நினெல் ஒரு கிண்ணம் நிறைய, கறி வைத்த பெல்மேனிக் கொழுக்கட்டையோடு இறங்கி வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"என்னடா, நேத்துலேர்ந்து அந்த இரும்பையே தடவிக்கிட்டு இருக்கே? கட்டிக்கப் போறியா?"

"திரும்புற தண்ணி ரூமைவிடச் சில்லுனு இருக்குக்கா."

"இந்த ஊர்ல எதுடா சில்லுனு இல்ல? என் காலைத் தொட்டுப் பாரு."

"சூடு எங்கேயோ போகுதுக்கா. காத்துக்கு வரல."

"சுவத்துக்குப் போயிருக்கும். அந்தப் பக்கம்தான் ஆளே இல்லையே. பூனைகூட ஓடிப்போச்சு." கிண்ணத்தை நீட்டினாள். "புள்ளைக்குக் கொடு. நீயும் ரெண்டு தின்னு. பேய் மாதிரி இருக்கே."

சுவருக்குப் போகிற சூட்டைத் தடுக்க வழி உண்டு. ரேடியேட்டருக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளியில் அலுமினியத் தகடொட்டிய அட்டையைச் செருகினான். தகடு சூட்டை அறைக்குள் திருப்பி அனுப்பும். மறுநாள் எழுந்து பார்த்தபோது அறை இன்னும் குளிர்ந்திருந்தது. அட்டையை மெதுவாக வெளியே இழுத்தான்.

வழுவழுவென்று இருந்த தகடு அமுங்கியிருந்தது. மேலே இரண்டு அகலமான பள்ளங்கள். அவற்றுக்கு நடுவிலிருந்து கீழ்வரை, வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். கொஞ்ச நேரம் அது என்ன என்று அவனுக்குப் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. தோள்பட்டை எலும்புகள். முதுகெலும்பு.

"அது ரொம்ப நேரம் சாஞ்சே உக்காந்திருந்துச்சுப்பா," என்றாள் அல்சு, போர்வைக்குள்ளிருந்து.

"எது, கண்ணு?"

"குளிருதுன்னு சொல்லுமே, அது."

அவன் அட்டையை நான்காக மடித்துக் குப்பையில் போட்டான். இரண்டு விரல் இடைவெளியில் யாரும் உட்கார முடியாது. பழைய இரும்பு சூடேறி நெளியும், அட்டையை நசுக்கும். அவ்வளவுதான். குழாய்களைப் பற்றி யோசிக்கத் தொடங்கினான். குழாய்களைப் பற்றி யோசித்தால் அவனுக்கு எப்போதும் மற்றதெல்லாம் மறந்துவிடும்.

தண்ணீர் சோம்பேறி. கிட்ட இருக்கும் வழியில்தான் போகும். அவன் வீட்டில் வெந்நீர் முதலில் பெரிய அறைக்குப் போனது. திரும்பும் குழாயும் அதற்குத்தான் பக்கம். போக வரக் குறுக்குவழி. சின்ன அறைக்குப் போகவும் தூரம், திரும்பவும் தூரம். அதனால் முக்கால்வாசித் தண்ணீர் அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை. இதற்கு ஒரு அழகான தீர்வு உண்டு. முதலில் தண்ணீர் வாங்கும் ரேடியேட்டர் அதைக் கடைசியில் திருப்ப வேண்டும். கடைசியில் வாங்குவது முதலில் திருப்ப வேண்டும். அப்படிக் குழாயைச் சுற்றி இணைத்தால் இரண்டு வழிகளும் ஒரே நீளமாகிவிடும். தண்ணீருக்குக் குறுக்குவழி இருக்காது. இரண்டுக்கும் சம பங்கு. சின்ன அறைக்கு நிறைய வெந்நீர் வந்தால், சுவரோ வேறெதுவோ எவ்வளவு உறிஞ்சினாலும் மிச்சம் இருக்கும்.

நிலவறையில் வால்வை மூடி, தண்ணீரை வடித்து, மரைகளில் சணல் சுற்றி, மதியத்துக்குள் வேலையை முடித்தான். வால்வைத் திறந்ததும் குழாய்கள் கடகடவென்று விழித்துக்கொண்டன. ஒரு கையைப் பெரிய அறையில் வைத்தான், ஓடிப்போய் இன்னொன்றில் வைத்தான். இரண்டும் ஏறின. ஒரே மாதிரி ஏறின. அல்சு சாக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுக் கட்டிலில் குதித்தாள். மேலேயிருந்து நினெல் வழக்கம்போல் கரண்டியால் குழாயைத் தட்டித் திட்டினாள். ரதிக் சிரித்துவிட்டான்.

வெளியே பனிப்புயல் பிடித்தது. மின்சாரம் போயிற்று. அவன் மெழுகுவத்தியைத் தேடிக்கொண்டிருந்தபோது இரும்பு முனகத் தொடங்கியது. டிக். டிக். சூடேறும்போதும் இரும்பு அப்படிச் சத்தம் போடும், ஆறும்போதும் போடும். இது ஆறும் சத்தம். இரண்டு அறைகளிலிருந்தும், ஒரே நேரத்தில்.

நினெல் மேல்கோட்டும் தொப்பியுமாக இறங்கி வந்தாள்.

"என்னடா பண்ணித் தொலைச்சே? என் வீட்டு ரேடியேட்டர் ஐஸா இருக்கு!"

"இங்கேயும்தான்க்கா."

"கொதிகலன் நின்னு போச்சா?"

அவன் மேல்குழாயைத் தொட்டான். கொதித்தது. வெந்நீர் வந்துகொண்டுதான் இருந்தது. கீழ்க்குழாயைப் பிடித்தான், உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. உறைபனியில் இரும்பு ஒட்டுவது போல. பிடுங்கப் போனவன் நின்றான். அவன் கை மரத்துக்கொண்டே வந்தது, ரேடியேட்டரின் விலாக்கள் மெல்ல வெதுவெதுத்தன. கையைப் பிடுங்கினான். விலாக்கள் ஆறின. மறுபடி வைத்தான். வெதுவெதுத்தன.

அவனுக்குப் புரிந்தது. எப்போதும் எதையாவது புரிந்துகொண்டால் வரும் அந்தச் சின்ன மகிழ்ச்சிகூட வந்தது, வந்த இடத்திலேயே செத்தது. அல்சு சொன்ன அது, தண்ணீரின் சூட்டை விரும்பி எடுக்கவில்லை. கிட்டே இருந்த சூட்டை எடுத்தது. அதைவிடக் கிட்டே ஓர் உடம்பு கிடைத்தால் தண்ணீரை விட்டுவிடும். இத்தனை நாள் சின்ன அறையோடு கிடந்ததை அவன்தான் குழாயை மாற்றி எல்லா அறைக்கும், அதே குழாயில் இணைந்த மேல்வீட்டுக்கும் சமமாகப் பங்கு வைத்திருந்தான்.

"டேய், புள்ளையப் பாருடா," என்றாள் நினெல்.

அல்சுவின் உதடு நீலமாக இருந்தது. மூச்சு விசிலடித்தது.

"மேலே போங்கக்கா. இப்பச் சூடாயிரும்."

"என்ன செய்யப் போறே?"

"போங்க."

நினெல் போனாள். குழந்தையை எல்லாப் போர்வையிலும் சுற்றிச் சின்ன அறையில் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினான். பெரிய அறைக்குப் போனான். சட்டையைக் கழற்றினான். ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான்.

முதலில் ஒன்றுமில்லை. விரிசலில் காற்றின் ஊளை. நனைந்த கம்பளி வாடை. பிறகு முதுகில், இரும்பு விலாக்களுக்கு நடுவிலிருந்து, ஒரு குமிழ் அழுத்தியது. அதன் கீழே இன்னொன்று. இன்னொன்று. அவன் முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவுக்கும் நடுவில் ஒவ்வொன்றாக வந்து பொருந்தின. தோள்பட்டை வந்து தோள்பட்டையில் படிந்தது.

பெருமூச்சு ஒன்று. அவனுடையதல்ல.

டிக். டிக். சூடேறும் சத்தம். சின்ன அறையிலிருந்து.

கால் போயிற்று. கை போயிற்று. நாக்கு மரக்கட்டையாகப் படுத்துக்கொண்டது. மேல்வீட்டில் நினெல் குழாயைத் தட்டினாள், இம்முறை சந்தோஷமாக. போதும். இப்படியே இருந்தால் போதும். ஒரு மனிதனுக்குள் எவ்வளவு சூடு இருக்கும்? விடியும்வரை? இங்கே விடிவதில்லை.

கதவு திறந்தது.

"அப்பா! என் ரூம் சூடாயிருச்சு!" அல்சுவின் கன்னம் சிவந்திருந்தது. வெறுங்கால். "ஏன்ப்பா சட்டை போடல?"

போ என்று சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தான். வாய் திறக்கவில்லை.

அவள் அவன் தோளைத் தொட்டாள். "ஐயோ, நீ ஏன்ப்பா இப்படி ஜில்லுனு இருக்கே?"

போர்வையை இழுத்துக்கொண்டு வந்தாள். மடியில் ஏறினாள். இரண்டு கைகளாலும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மார்பில் கன்னத்தை வைத்தாள்.

அவன் முதுகுக்குப் பின்னால் அது நிம்மதியாக அசைந்து உட்கார்ந்தது. மார்பில் அவள் கன்னம் பட்ட இடத்திலிருந்து சூடு உள்ளே வந்தது, அவனுக்குள் நிற்காமல் கடந்து பின்னால் போனது. அவளைத் தள்ள விரல் அசையவில்லை.

"இப்ப பரவால்லையாப்பா?" என்றாள், பல் கிட்டிக்க.

இரண்டு ரேடியேட்டர்களும் மேலிருந்து கீழ்வரை ஒரே சூட்டில் இருந்தன.