ஏசிக்குள்ளே ஒரு கீச்சுச் சத்தம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு பேரும் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். மறுநாள் பட்டாணிக்கு ஒன்றாம் வகுப்பு ஆரம்பம். புது ஷூ, புதுப் பை, மூடி இறுகத் திருகும் தண்ணீர் பாட்டில் எல்லாம் வாங்கியாகிவிட்டது.

பட்டாணி என்பது அவன் பேர் இல்லை. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக, உருண்டையாக இருந்தான் என்று அப்பா வைத்த செல்லப் பேர். அவனுடைய அக்காவை எல்லோரும் தும்பி என்று கூப்பிடுவார்கள். பத்து வயதாகியும் ஓரிடத்தில் ஒரு நிமிஷம் உட்காரமாட்டாள்.

அம்மா குடியிருப்பின் வாசலில் காரை நிறுத்தினாள். அது டிரைவிங் ஸ்கூல் கார். அம்மா அங்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். கற்றுக்கொள்பவர்கள் தப்பு பண்ணினால் பிடிப்பதற்காக, பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு.

அப்பாவும் அம்மாவும் தும்பியும் இறங்கி டிக்கியிலிருந்து பைகளை எடுத்தார்கள். எல்லாம் எடுத்து முடித்த பிறகுதான், பட்டாணி இன்னும் இறங்கவில்லை என்று அம்மாவுக்குத் தெரிந்தது. அவன் முன் இருக்கையில் ஏறி மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். வலது காது வெறுமையாக இருந்தது.

"பட்டாணி, உன் மெஷின் எங்கே?"

பட்டாணிக்கு இடது காது கேட்காது. வலது காதில் மெஷின் வைத்தால் நன்றாகவே கேட்கும். காதுக்குப் பின்னால் உட்காரும் நீல நிற மெஷின் அது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து காதுக்குள் நுழையும். அது இல்லாவிட்டால், கிட்டே வந்து முகத்தைப் பார்த்துப் பேசினால்தான் அவனுக்குப் புரியும்.

அம்மா தன் காதைத் தொட்டுக் காட்டினாள். பட்டாணி காரின் முன்பக்கத்தைக் காட்டினான். அங்கே ஏசிக் காற்று வருவதற்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள். அவன் விரல் வலது ஓட்டையைக் காட்டியது.

"இதுக்குள்ளயா? எப்படிடா போச்சு?"

பட்டாணி தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி, எல்லாரும் தள்ளுங்க" என்றார் அப்பா. "ஏசிய முழுசா வெச்சா அதுவே வெளிய ஊதித் தள்ளிடும்."

வைத்தார். புஸ் என்று காற்று வந்தது. கூடவே ஒரு காய்ந்த இலையும், இத்தனை வருஷத் தூசியும் வந்தன. அப்பா ஏழு தும்மல் போட்டார். மெஷின் வரவில்லை.

அப்பா பேக்கரியில் மாவு பிசைகிறவர். அவருடைய சுண்டுவிரல்கூட அந்த ஓட்டைக்குள் நுழையாது. அதனால் தும்பிக்கு அன்று வாங்கிய ஸ்கேலை எடுத்து உள்ளே விட்டுத் துழாவினார். 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"கிடைச்சிடுச்சா?" என்றாள் தும்பி.

"இல்ல, இன்னும் உள்ள போயிடுச்சுன்னு நினைக்கிறேன்."

"அந்த ஸ்கேலக் கொஞ்சம் கீழ வைங்க" என்றாள் அம்மா. அவள் குரல் மெதுவாகத்தான் இருந்தது. அம்மா குரல் மெதுவானால் எல்லோரும் சொன்னபடி கேட்பார்கள்.

அம்மா மெக்கானிக்குக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"முன்பக்கத்த மொத்தமா கழட்டணும்மா. நாளைக்குக் கொண்டாங்க, ரெண்டு நாளாகும்" என்றார் மெக்கானிக்.

"நாளைக்குக் காலைல ஒரு நர்ஸம்மாவுக்கு லைசென்ஸ் டெஸ்ட். இந்த வண்டியிலதான் ஓட்டியாகணும்."

"அப்ப டெஸ்ட முடிச்சிட்டுக் கொண்டாங்க. ஆனா வண்டி குலுங்கினா சாமான் இன்னும் கீழ இறங்கிடும். எனக்குத் தெரியாது."

மெஷின் வாங்கிய இடத்தில் புதிது கிடைக்க மூன்று வாரம் ஆகும் என்பதும் அம்மாவுக்குத் தெரியும். பட்டாணி நாளைக்குப் புது வகுப்பில், யார் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"நர்ஸம்மாகிட்ட பேசிப் பாக்கறேன். டெஸ்டத் தள்ளி வெக்க முடியுமான்னு கேக்கறேன்" என்று அம்மா ஓரமாகப் போனாள். முடியாது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அப்பா, மூன்றாம் மாடிக்காரரிடம் நீளமான குறடு இருக்கும் என்று படியேறிப் போனார்.

"தம்பியப் பாத்துக்கோ, தும்பி. எதையும் உள்ள விட்டுக் குத்தாதே" என்று போகும்போது சொன்னார்.

காருக்குள் தும்பியும் பட்டாணியும் மட்டும் இருந்தார்கள். ஏசி ஓடவில்லை. பேச்சு இல்லை. தெருவில் ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை. தும்பி அதிசயமாகக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தாள்.

அப்போது அவளுக்கு ஒரு சத்தம் கேட்டது.

கீ...

கொசுவைவிடச் சன்னமான சத்தம். அது அவளுக்குப் பழகிய சத்தம்தான். ராத்திரி பட்டாணி மெஷினை அணைக்க மறந்து தலையணைக்கு அடியில் வைத்துவிட்டால் இப்படித்தான் கீச்சிடும். இடுக்கில் மாட்டிக்கொண்டால் அதற்குப் பிடிக்காது.

'அப்படின்னா அது இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கு!'

தும்பி வலது ஓட்டையில் காதை வைத்தாள். சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. இடது ஓட்டையில் வைத்தாள்.

கீ...

நல்ல பக்கத்தில் கேட்டது. மறுபடி வலதில் வைத்தாள், மறுபடி இடதில் வைத்தாள். சந்தேகமே இல்லை. ஸ்கேல் தள்ளியதில் மெஷின் ஆழத்துக்குப் போகவில்லை. பக்கத்து ஓட்டைக்கு நகர்ந்திருக்கிறது. இவ்வளவு நேரமும் எல்லோரும் தப்பான ஓட்டையில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா இருக்கையில் வைத்துவிட்டுப் போன போனில் டார்ச்சைப் போட்டாள். காற்றைத் திருப்பும் பட்டைகளை நேராக்கிவிட்டு உள்ளே பார்த்தாள். ஒரு விரல் நீளம் தள்ளி, வளைந்த குழாய் மின்னியது. அதற்கு அப்பால் ஒரு பள்ளம், கும்மிருட்டு. தொட்டுத் தள்ளினால் அங்கே போய்விடும்.

'தள்ளக் கூடாது, இழுக்கணும்.'

தும்பி தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்து நிமிர்த்தினாள். நுனியைக் கொக்கியாக வளைத்தாள். ஹேர்பின் குட்டையாக இருந்தது. காரில் கிடந்த ஒரு பென்சிலோடு சேர்த்து, முடியில் போட்டிருந்த ரப்பர் பேண்டால் இறுக்கிச் சுற்றினாள். முடி முழுவதும் அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. ஊதி ஒதுக்கிக்கொண்டாள்.

பட்டாணியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "நீ டார்ச்சப் பிடி. ஆடாமப் பிடிக்கணும்" என்றாள்.

பட்டாணி பிடித்தான். கொக்கி மெல்ல உள்ளே போனது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

வெளிச்சம் அணைந்துவிட்டது.

"பட்டாணி, டார்ச்."

வெளிச்சம் வரவில்லை. தும்பி கொக்கியை வெளியே எடுத்துவிட்டுத் திரும்பினாள். பட்டாணி போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

"ஏன் அணைச்ச?"

"வேணாம்."

"எது வேணாம்?"

"எடுக்க வேணாம்." அவன் புது ஷூவையே பார்த்தான். "அது தானா விழல. நான்தான் போட்டேன்."

தும்பிக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்பாவின் ஏழு தும்மலும், அம்மா ஓரமாக நின்று போனில் கெஞ்சுவதும் நினைவுக்கு வந்தன. திட்டத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் பட்டாணியின் கீழுதடு பிதுங்கிவிட்டது.

அவன் முகத்தை நிமிர்த்தி, "ஏன்டா போட்ட?" என்று மட்டும் கேட்டாள்.

"ஷூக் கடைல ஒரு பையன் கேட்டான், உன் காதுல என்ன பூச்சின்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. நாளைக்கு ஸ்கூல்ல எல்லாரும் கேப்பாங்க."

யாரும் கேட்கமாட்டார்கள் என்று சொல்லலாம். ஆனால் அது பொய். கேட்பார்கள். அவள் வகுப்பில் ஒருத்தி புதுக் கண்ணாடி போட்டு வந்தபோது தும்பியே முதலில் கேட்டிருக்கிறாள்.

"சரி, நாளைக்குப் போட்டுக்கணுமா வேணாமான்னு நீயே முடிவு பண்ணிக்கோ. நான் எதுவும் சொல்லமாட்டேன்" என்றாள். "ஆனா அது உள்ள கத்திட்டே இருக்கு."

"பொய்."

"நிஜமா. இப்படி." அவள் அவன் வலது காதுக்குக் கிட்டே போய், உதட்டைக் குவித்து, கீ... என்று செய்து காட்டினாள்.

பட்டாணி கூச்சத்தில் தோளைத் தூக்கினான். பிறகு அந்த ஓட்டையை ரொம்ப நேரம் பார்த்தான். அவன் இன்னும் விளக்கை எரியவிட்டுத்தான் தூங்குகிறான்.

"உள்ள இருட்டா இருக்கா அக்கா?"

"கும்மிருட்டு."

பட்டாணி டார்ச்சைப் போட்டான். இந்தத் தடவை கையை ஆட்டாமல், இரண்டு கையாலும் பிடித்தான்.

முதல் தடவை கொக்கி வழுக்கியது. மெஷின் பள்ளத்தின் பக்கம் ஒரு துளி நகர்ந்தது. தும்பி மூச்சு விடவில்லை. இரண்டாம் தடவை குழாய்க்குப் பின்னால் கொக்கியை இறக்கினாள்.

"இந்தப் பக்கம் அக்கா, இன்னும் இந்தப் பக்கம்" என்றான் பட்டாணி. அவன் இருந்த இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது.

கொக்கி மாட்டியது. தும்பி மெல்ல மெல்ல இழுத்தாள். மெஷின் பட்டைகள் வரைக்கும் வந்து சிக்கிக்கொண்டது. அவள் விரல் அந்த இடுக்கில் போகவில்லை.

"உன் விரல விடு. மெதுவா."

பட்டாணியின் சின்ன விரல் சுலபமாகப் போனது. அவன் நெளித்து நெளித்து இழுத்தான். தூசி படிந்து, ஒட்டடை ஒட்டிக்கொண்டு, மெஷின் அவன் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது.

"ஐயோ, தாத்தா மாதிரி ஆயிடுச்சு" என்றான் பட்டாணி. இருவரும் சிரித்தார்கள்.

அப்பா ஒரு பெரிய குறடோடு ஓடி வந்தார். அதைப் பார்த்தால் மரத்தையே பிடுங்கலாம் போலிருந்தது. அம்மாவும் வந்தாள். பட்டாணியின் கையில் இருந்ததைப் பார்த்ததும் சட்டென்று வாங்கினாள். துப்பட்டா நுனியால் மெஷினை நன்றாகத் துடைத்து, அவன் காதில் மாட்டினாள்.

"கேக்குதா?"

"கேக்குது."

"அது எப்படித்தான் அவ்வளவு உள்ள போச்சோ" என்றார் அப்பா.

தும்பி பென்சிலிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தாள். பட்டாணி அவளைப் பார்த்தான். அவள் வாயே திறக்கவில்லை.

"நான்தான் போட்டேன்" என்றான் பட்டாணி. பிறகு ஷூக் கடைப் பையனைப் பற்றியும் சொன்னான்.

அம்மா கார்க் கதவோரம் அப்படியே உட்கார்ந்து அவனை மடியில் இழுத்துக்கொண்டாள்.

அப்பா குனிந்து அந்தக் காதை இப்படியும் அப்படியும் பார்த்தார். "என்ன பூச்சின்னு சொன்னானா? எனக்கென்னவோ வண்டு மாதிரி தெரியுது."

"நீல வண்டு" என்றான் பட்டாணி, யோசித்துவிட்டு.

மறுநாள் நர்ஸம்மா டெஸ்டுக்குப் போக, கார் நேரத்துக்குக் கிளம்பியது. பட்டாணி மெஷினைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கு நடந்தான். தும்பி பார்த்தாள். சொன்னபடி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றாம் வகுப்பு வாசலில் அவன் பையைச் சரிசெய்துவிட்டு, தன் வகுப்புக்குப் போனாள். அன்றைக்குக் கணக்குப் பாடம் அவள் தலையில் ஏறவே இல்லை.

இடைவேளை மணி அடித்ததும் முதல் ஆளாக ஓடினாள்.

ஒன்றாம் வகுப்பு ஜன்னலோரம் ஆறேழு பேர் வட்டமாக நின்றார்கள். நடுவில் பட்டாணி. மெஷின் காதில் இருந்தது. கையில் ஒரு பென்சிலைப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எதையோ மெல்ல மெல்ல இழுப்பதுபோல் காட்டிக்கொண்டிருந்தான். சுற்றி நின்றவர்கள் மூச்சு விடாமல் பார்த்தார்கள்.

தும்பி கூப்பிடாமலே திரும்பி வந்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது பட்டாணி பேசிக்கொண்டே வந்தான்.

"பையில என்னன்னு ஒரு பொண்ணு கேட்டா. சொன்னேன். போட்டுக் காட்டுன்னா. அப்புறம் எல்லாரும் கேட்டாங்க அக்கா. கதையில நீயும் வர்றே. கொக்கி பண்ணினது நீதான்னு சொன்னேன்."

"பரவாயில்லையே."

"ஆனா பாம்ப விரட்டினது நான்."

தும்பி நின்றுவிட்டாள். "பாம்பா? ஏசிக்குள்ள ஏதுடா பாம்பு?"

"முதல்ல இல்லக்கா" என்றான் பட்டாணி. "மூணாவது தடவ சொல்லும்போது அதுவா வந்துடுச்சு."