சுருட்டி வைத்த சரக்கு வலை

"ஹனிபா பாய்க்கு வயிறு சரியில்லையாம்! மலைக்குப் போற பிளேன் இன்னிக்கு உனக்குத்தான்!"

மெக்கானிக் செபஸ்தியான் வாசலில் நின்று கத்தியபோது தமயந்தி ஏற்கெனவே காலணி மாட்டிக்கொண்டிருந்தாள். மாற்று விமானியின் பிழைப்பே அதுதான். யாருக்குக் காய்ச்சலோ, யார் வீட்டில் கல்யாணமோ, அவருடைய விமானம் அன்று அவளுடையது. ஒருநாள் தீவுகளுக்கு ஐஸ் மீன், மறுநாள் மரம் வெட்டும் முகாமுக்கு டீசல். போர்னியோக் காட்டின் மேல் அவள் பறக்காத வழி ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. லாங் தெரவான் மலைக்குப் போகும் வழி. அவளுடைய அண்ணன் குமரேசன் போய்த் திரும்பாத வழி!

அந்த மலை ஜனங்கள் ஒரு வருஷம் முழுக்கக் காடுமேடெல்லாம் அலைந்து சேர்த்த, தங்க விலை போகும் வாசனை அகில் கட்டைகளைப் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு கிளம்பியவன் குமரேசன். அவனும் காணவில்லை, விமானமும் காணவில்லை. "எல்லை தாண்டி ஓடிட்டான், திருட்டுப் பயல்!" என்று ஊரெல்லாம் சொன்னவர் கம்பெனி முதலாளி கேப்டன் ஜெயசீலன். சொன்னதோடு நிற்கவில்லை. "திருடன் தங்கச்சிக்கும் சோறு போடறேன் பாருங்க" என்று தமயந்திக்கு மாற்று விமானி வேலை கொடுத்து, கேன்டீனில் நாலு பேர் முன்னால் அதைச் சொல்லிக் காட்டவும் செய்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சோற்றைத் தின்றாள். அண்ணனைத் தேடி எல்லா வழியிலும் பறக்க வேறு எந்த வேலை விடும்?

"நானும் வரேன். எஞ்சின் சத்தம் சரியில்ல" என்று செபஸ்தியான் பின்னால் ஏறிக்கொண்டார். எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. குமரேசனின் கூட்டாளி அவர்.

லாங் தெரவானில் இறங்கியபோது ஊரே ஒதுங்கி நின்று பார்த்தது. மற்ற விமானிகள் வந்தால் ஓடி வந்து அரிசி மூட்டை இறக்குகிறவர்கள், குமரேசன் தங்கச்சி என்று தெரிந்ததும் ஒரு கையும் நீட்டவில்லை. ஊர்த்தலைவர் தாமா பலாங் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தனை மூட்டையையும் அவளும் செபஸ்தியானும்தான் முதுகு ஒடிய இறக்கினார்கள்.

திரும்பும்போது அவள் நேராகப் பறந்தாள். அங்கேதான் விஷயம்! அந்த வழியில் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஆற்றைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். நடுவிலிருக்கும் பள்ளத்தாக்கில் பேய்க்காற்று என்று ஜெயசீலன் ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லி வைத்திருந்தார். மாற்று விமானியிடம் சொல்ல மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. ஒருநாள் வந்து போகிறவளுக்கு யார் பாடம் எடுப்பார்கள்?

காற்றும் இல்லை, பேயும் இல்லை. மரக்கிளைகளுக்குள் வெள்ளையாக ஏதோ மின்னியது.

"அண்ணே, கீழ பாருங்க! இறக்கையா அது?"

ஆற்றோர மணல்திட்டில் தடதடவென்று இறக்கினாள். கொடிகளை வெட்டிக்கொண்டு இருவரும் ஓடினார்கள். குமரேசனின் விமானம்தான்! மூக்கு நசுங்கியிருந்தது, உடம்பு முழுசாக இருந்தது. பக்கத்தில், தார்ப்பாய்க் கூரையின் கீழ், அவன் இருந்தான். எலும்பாக. ஒரு கால் எலும்பில் சரக்கு கட்டும் ஆரஞ்சு நிறப் பட்டையைச் சுற்றி, குச்சி வைத்துக் கட்டியிருந்தது. அடுப்புச் சாம்பலும் கழுவிக் கவிழ்த்த டப்பாக்களும் கிடந்தன. வெட்டவெளியில் அதே பட்டைகளால் பெரிதாக ஓர் அம்புக்குறி.

"விழுந்ததும் சாகல, அண்ணே" என்றாள் தமயந்தி. "யாராச்சும் வருவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்திருக்கான்."

விமானத்துக்குள் தலையை விட்ட செபஸ்தியான் அப்படியே நின்றுவிட்டார். அகில் பெட்டி ஒன்றுகூட இல்லை. பெட்டிகளைப் பிடித்திருந்த வலை மட்டும் ஒழுங்காகச் சுருட்டப்பட்டு, கொக்கிகள் உள்ளே செருகப்பட்டு, வால்பக்கம் தொங்கியது.

எல்லாருடைய விமானத்தையும் ஓட்டியவளுக்கு எல்லாருடைய கைவாகும் தெரியும். ஹனிபா வலையை அப்படியே குவித்துப் போடுவார். குமரேசன் பாய்போல மடிப்பான். கொக்கியை உள்ளே வைத்துச் சுருட்டித் தொங்கவிடுகிற ஆள் அந்தக் கம்பெனியில் ஒருவர்தான். திருட வந்த இடத்திலும் பழக்கதோஷம் அவரை விடவில்லை!

"ஜெயசீலன்!" என்று இருவரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள்.

தமயந்தி அழவில்லை. அவளுக்குள் ஏதோ கொதித்து அடிப்பிடித்தது. "வலையைக் காட்டினா போலீஸ் சிரிப்பான். அவன் வாயாலயே வரணும். அண்ணனைத் திருடன்னு நினைக்கிற அந்த ஊர் கேக்கணும்."

திட்டத்தில் ஹனிபாவும் சேர்ந்தார். அடுத்த தடவை மலைக்குப் பறந்து போனவர் அங்கிருந்தே, "காய்ச்சல் நெருப்பாக் கொதிக்குது, எழுந்திரிக்க முடியல, மாத்து ஆள் அனுப்புங்க!" என்று ரேடியோவில் முனகினார். தமயந்தி கேன்டீனில் எல்லார் காதிலும் விழ, "போன வாட்டி அந்தப் பள்ளத்தாக்குல என்னமோ மின்னுச்சு. இந்த வாட்டி போட்டோ எடுக்கணும்" என்றாள்.

ஜெயசீலனின் காப்பிக் கோப்பை மேசையில் இடித்தது. "உனக்கு அந்த வழி தெரியாதும்மா. நானே கூட வரேன்" என்றார். எலி தானாகவே பொறிக்குள் நடந்து வந்தது.

எஞ்சினைச் சாக்கு வைத்துச் செபஸ்தியானும் ஏறிக்கொள்ள, அரிசி மூட்டைகளுடன் மூவரும் கிளம்பினார்கள். மேலே போனதும் அவள் நேராகத் திருப்பினாள்.

"ஏய், சுத்திப் போ! காத்து அடிக்கும்!"

"இலைகூட ஆடல, கேப்டன்." விமானத்தை மணல்திட்டில் இறக்கினாள். "டயர் இழுக்குது. செபஸ்தியான் அண்ணன் மூட்டையைப் பிடிச்சுக்கிட்டிருக்கார், நீங்க கொஞ்சம் இறங்கிப் பாருங்க."

அவர் இறங்கிய மறுகணம் செபஸ்தியான் கதவை இழுத்துச் சாத்தினார். தமயந்தி சன்னல் வழியாக ஒரு கைரேடியோவை மணலில் எறிந்தாள். "எங்கண்ணன்கிட்ட இதுகூட இல்ல. நடந்ததைச் சொன்னா வருவேன். பொய் சொன்னா வரமாட்டேன்!"

எஞ்சின் உறுமியது. விமானம் எழும்பிப் பள்ளத்தாக்குக்கு மேல் வட்டமிட்டது. மேற்கே மழை கறுத்து வந்தது. மழை இறங்கினால் ஆறு பெருகும், மணல்திட்டு மூழ்கிவிடும். அது ஜெயசீலனுக்கும் தெரியும்.

முதலில் மிரட்டினார். பிறகு சம்பளத்தை உயர்த்துவதாகச் சொன்னார். கடைசியில் குரல் உடைந்தது.

"சொல்றேன், சொல்றேன்! தேடி வந்தப்ப நான்தான் பார்த்தேன்! உயிரோடதான் இருந்தான்... கால் ஒடிஞ்சிருந்துச்சு. அகிலைப் பார்த்ததும் புத்தி கெட்டுப்போச்சு. பெட்டியை ஏத்திட்டு, உனக்கு ஆள் அனுப்பறேன்னு சொல்லிட்டு வந்தேன். அனுப்பல! தண்ணி கேட்டான். அதைக்கூடக் கொடுக்காம வந்துட்டேன்! இறங்கி வா தமயந்தி!"

கைரேடியோவின் குரல் மலையைத் தாண்டாது. ஆனால் இன்னொரு கைரேடியோவில் அதை வாங்கி, விமானத்தின் பெரிய ரேடியோவின் வாயருகே பிடித்துக்கொண்டிருந்தார் செபஸ்தியான். சரக்கு விமானத்துக்காக எந்நேரமும் ரேடியோவைத் திறந்து வைத்திருக்கும் மலை ஊர்கள் எல்லாவற்றிலும் அது ஒலித்தது. லாங் தெரவானில், காய்ச்சல்காரர் ஹனிபா தேநீர் குடித்தபடி ஒவ்வொரு சொல்லையும் தாமா பலாங்குக்கு மலாயில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"போதும்மா" என்றார் செபஸ்தியான். "அவனை விட்டுட்டுப் போயிடலாம். கெடந்து சாவட்டும்!"

தமயந்திக்கும் அதே ஆசைதான். கீழே ஓர் ஆள் அங்குமிங்கும் ஓடிக் கையாட்டுவதைப் பார்க்க அவளுக்கு இனித்தது. ஆற்றுநீர் திட்டின் ஓரத்தைத் தொட்டது. வேண்டுமென்றே இன்னொரு வட்டம் அடித்தாள்.

பிறகு மூக்கைக் கீழே திருப்பினாள்.

"ஏம்மா?"

"இங்க செத்தா இவனும் காணாமப் போனவன், அண்ணே. நாளைக்கு யாராச்சும் இவனை நல்லவன்னு கதை கட்டுவான். உயிரோட நிக்கணும். தலை குனிஞ்சு நிக்கணும். செத்தவனைத் தலைகுனிய வைக்க முடியாது."

சக்கரம் தண்ணீரைக் கிழித்தது. சேறும் சகதியுமாக அவரை உள்ளே இழுத்துப் போட்டு, சரக்கு வலையால் மூட்டைகளோடு சேர்த்துக் கட்டினார் செபஸ்தியான். மழை கொட்டத் தொடங்கியபோது விமானம் மரங்களை உரசிக்கொண்டு மேலேறியது.

லாங் தெரவானில் ஊரே ஓடுதளத்தின் ஓரம் மழையில் நனைந்தபடி நின்றது. எஞ்சின் நின்றதும் தமயந்தி வழக்கம்போல மூட்டை தூக்கப் பின்பக்கம் போனாள். அதற்குள் கதவு திறந்தது. பத்துப் பதினைந்து கைகள் உள்ளே நீண்டன! அவளை ஒரு மூட்டையையும் தொட விடவில்லை. தாமா பலாங் தானே ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். போகும்போது அவள் தலையில் கை வைத்து ஏதோ சொன்னார்.

"தண்ணி வடிஞ்சதும் உங்கண்ணனைத் தூக்கிட்டு வர ஊரே போகுமாம்" என்றார் ஹனிபா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கடைசியில் ஜெயசீலன் மட்டும் வலைக்குள் மிச்சமிருந்தார். அவரை யாரும் தொடவில்லை, அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. போலீஸ் விமானம் வரும்வரை ஊர் முழுக்க அவர் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது. அவர் தலை நிமிரவே இல்லை.

தமயந்தி இப்போதும் மாற்று விமானிதான். கம்பெனியில் நிரந்தர வேலை தருகிறோம் என்றார்கள், ஒரே வழியில் கட்டுப்பட மனமில்லாமல் அவள் வேண்டாமென்றாள். சுமக்க முடியாத பாரத்தை இறக்கி வைத்தால்தான் விமானம் மேலே எழும்பும் என்பது முன்பே தெரிந்த பாடம்தான். அதை அவள் படித்து முடிக்க இத்தனை வழிகள் பறக்க வேண்டியிருந்தது. லாங் தெரவானுக்கு இப்போது யாரும் ஆற்றைச் சுற்றிக்கொண்டு போவதில்லை. குமரேசன் பள்ளத்தாக்கின் மேல் நேராகத்தான் பறக்கிறார்கள்.