ஜோசப்ராஜ் தொடர்ந்து பார்க்கிறார்

ஜோசப்ராஜை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் காலையில்தான், அவருடைய போன் வீட்டில் இல்லை என்பது மனைவி ஜோஸ்பினுக்குத் தெரிந்தது.

கைக்கடிகாரம் இருந்தது. பர்ஸ் இருந்தது. மூக்குக் கண்ணாடி, மடித்தது மடித்தபடி, கீறல் இல்லாமல் இருந்தது. எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவர் கேபிள்காரர் கலீலுல்லா. போன் மட்டும் இல்லை. அந்த எண்ணைக் கூப்பிட்டால், அணைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் இந்தியில் சொன்னாள்.

"ஆட்டோல விழுந்திருக்கும் மதினி," என்றான் கொழுந்தன் ஜாபெஸ். "அந்தப் பதட்டத்துல யாரு பாத்தா? கோவண்டில நம்ம பய கடை வச்சிருக்கான், புதுசு ஒண்ணு வாங்கித் தாரேன்."

அவளுக்குப் புதுசு வேண்டாம். கோயில் பாடகர் குழுவுக்காக அவர் பாடிப் பதிந்துவைத்த பாட்டெல்லாம் அந்தப் போனில்தான் இருந்தது. அவர் குரல் வேறெங்கும் இல்லை. கல்யாண வீடியோ எந்தக் காலத்திலோ தாராவிக்குள் வந்த வெள்ளத்தில் ஊறிப் பாழாகிவிட்டது. முகத்துக்குச் சுவரில் படம் தொங்குகிறது. குரலை எங்கே தொங்கவிடுவது? கண்ணை மூடினால் அவர் வாய் அசைவது தெரிந்தது. ஓசை மட்டும், தூரத்து ரயில் போல, நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருந்தது.

ஜூலை வந்தது. மும்பை மழை விடவேயில்லை. மாட்டுங்காவில் ஒரு வக்கீலிடம் தட்டச்சு வேலை அவளுக்கு. சாட்சிகளின் வாக்குமூலங்களை அடித்து அடித்து, ஒரு ஆள் சொன்னதை விட்டுவிட்டுச் சொல்லாததைக் கவனிக்கும் பழக்கம் வந்திருந்தது. அந்தப் பழக்கமும் இந்த மழைக்காலத்தில் உறங்கித்தான் கிடந்தது. வேலை முடிந்து வருவாள், ஈரச் சேலையை மாற்றுவாள், டிவியைப் போட்டுவிட்டு அதன் நீல வெளிச்சத்தில் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

அந்த டிவி அவர் ஆசைப்பட்டு மாற்றியது. கலீலுல்லாவின் கேபிளை நிறுத்திவிட்டு இன்டர்நெட் டிவிக்குப் போனார். வருஷத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டினார். கட்டின அன்றிலிருந்து சண்டைதான். ரிமோட்டில் எண்களே கிடையாது. சனிக்கிழமைப் படம் எந்தச் சந்தில் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதற்குள் தூக்கம் வந்துவிடும். நடுவில் படம் உறைந்து, ஒரு வட்டம் சுற்றும். கேபிள் என்றால் கலீலுக்கு ஒரு மிஸ்டு கால் போதும், மனுஷன் குடையோடு கூரைமேல் நிற்பார். இங்கே கூப்பிட்டால் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்பார்கள்.

இப்போது அதுவும் இல்லை. "பதிவு செய்த எண்ணிலிருந்து வாடிக்கையாளரே பேச வேண்டும் மேடம்," என்றது கம்பெனிக் குரல்.

"அவர் செத்துட்டாரு."

"வருந்துகிறோம் மேடம். அவர் எப்போது பேச வசதிப்படும்?"

அவள் போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

ஒரு திங்கட்கிழமை மாலை. டிவியைப் போட்டாள். திரையின் மேலே 'ஜோசப்ராஜ்' என்ற பெயர். கணக்கில் இருப்பது அந்த ஒரே பெயர்தான். அதற்குக் கீழே, 'தொடர்ந்து பார்க்க' என்ற வரிசையில், ஒரு மாமியார் மருமகள் தொடரின் படம். படத்துக்கு அடியில் சிவப்புக் கோடு பாதி தூரம் போய் நின்றிருந்தது.

அவள் அந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை வேலையிலிருந்து வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தாள். இப்போது கோடு முழுதாக ஓடியிருந்தது. முன்தின அத்தியாயத்தை யாரோ முடித்திருந்தார்கள்.

மழைச் சத்தத்தில் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பயம் இல்லை. அவர் எங்கோ ஒரு அறையில், சுவரில் தலையணையை முட்டுக் கொடுத்து, காலை ஆட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. அந்த அறைக்கும் இந்த அறைக்கும் நடுவில் அந்தச் சிவப்புக் கோடு. அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

ஆனால் ஜோசப்ராஜுக்கு மாமியார் மருமகள் தொடர் என்றால் ஆகவே ஆகாது. 'அழுகாளுவ, நிறுத்து' என்பார். அங்கேதான் அவளுக்குள் உறங்கிக் கிடந்தது எழுந்து உட்கார்ந்தது.

புதன்கிழமை, இன்டர்நெட் மாட்டிக் கொடுத்த ஜிபினைப் படிக்கட்டில் பிடித்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பையன்; வாயைத் திறந்தால் பாதி இந்தி.

"வேற வீட்டு டிவியில எங்க கணக்கைத் திறக்க முடியுமா ஜிபின்?"

"முடியும் ஆன்ட்டி. நம்பர் போடணும், அந்த நம்பருக்கு ஓடிபி வரும். லேக்கின் போன் கையில இல்லாம ஹோத்தாஹி நஹி, முடியவே முடியாது."

"நீ திறந்தியா?"

"அரே ஆன்ட்டி! எங்கிட்ட மூணு கம்பெனி ஃப்ரீயா இருக்கு. அழுகாச்சி சீரியல் பாக்கவா அங்கிள் அக்கவுண்ட்டத் திருடுவேன்?"

அப்படியானால் போன் ஆட்டோவில் தொலையவில்லை. அது யாரிடமோ இருக்கிறது. யாரோ சற்று நேரமாவது அதை உயிர்ப்பித்திருக்கிறார்கள்.

அன்று மாலை கலீலுல்லாவின் கேபிள் கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள். சந்து முனையில், மசூதிச் சுவரை ஒட்டிய சின்ன அறை. மாடியில்தான் அவரும் மனைவி நூர் நிஷாவும் குடித்தனம். அறையில் பெட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. ஒன்றிலும் விளக்கு எரியவில்லை.

"மேல கம்பெனிக்காரன் சிக்னல நிறுத்திட்டான் அக்கா. சந்துல ஆளே இல்ல, யாருக்கு அனுப்ப? எல்லாரும் நெட்டுக்குப் போயாச்சு."

"நூர் நிஷாவுக்குக் கால் எப்படி இருக்கு?"

"கட்டுப் பிரிக்க இன்னும் நாளாகும். படுத்த படுக்கதான்."

"கலீல் தம்பி, அன்னைக்கு நீங்கதான அவரைத் தூக்கிட்டுப் போனது. போன் எங்க விழுந்திருக்கும்?"

அவர் ஒரு பெட்டியின் தூசியைத் துடைத்தார். "நான் பழைய ஒயரச் சுருட்டலாம்னு வந்தேன். அண்ணாச்சி நெஞ்சப் புடிச்சிட்டு உக்காந்திருந்தாக. அள்ளி ஆட்டோல போட்டேன். குலுங்கிக் குலுங்கிப் போச்சு. சட்டைப் பையில இருந்து அப்பதான் விழுந்திருக்கணும் அக்கா."

அவள் நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை லீவு போட்டாள். காலையிலிருந்து டிவி முன்னால் உட்கார்ந்து அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்தாள். அன்றைய அத்தியாயம் விடிவதற்குள்ளேயே வந்துவிட்டது. யாரும் தொடவில்லை. மதியம் போனது. மாலை போனது. எட்டரை மணிக்கு, சேனலில் அந்தத் தொடர் ஒளிபரப்பாகும் நேரத்துக்கு, கோடு நகர ஆரம்பித்தது. கொஞ்சம் போனதும் மசூதியில் சன்னமாகப் பாங்கு எழுந்தது. கோடு நின்றது. வெகுநேரம் கழித்து மறுபடி கிளம்பியது.

அவள் இருட்டில் எழுந்து போய், மேஜைமேல் இருந்த மூக்குக் கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிரித்தாள். மடித்தாள். அவர் போன் பேசும் அழகு நினைவுக்கு வந்தது. சட்டையில் இறுக்கமான ஒற்றைப் பை. உள்ளே போன், அதற்கு முன்னால் கண்ணாடி. போன் அடித்தால் முதலில் கண்ணாடியை உருவிப் பல்லில் கவ்வுவார். பிறகுதான் போன். அதனால் அவர் சொல்லும் 'ஹலோ' யாருக்கும் ஹலோவாகக் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை மூன்று பேரையும் வீட்டுக்கு வரச் சொன்னாள். ஜாபெஸ் கோவண்டியிலிருந்து நனைந்துகொண்டு வந்தான். ஜிபின் கதவோரம் நின்றான். கலீலுல்லா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். டீ கொடுத்தாள். டிவியைப் போட்டாள்.

"என்ன மதினி, சினிமா காட்டப் போறீயளா?"

"கோட்டப் பாரு."

எட்டரை. 'ஜோசப்ராஜ்' என்ற பெயருக்குக் கீழே கோடு நகர ஆரம்பித்தது. ஜாபெஸ் சிலுவை போட்டுக்கொண்டான்.

"அவுக கணக்குல யாரோ பாக்காங்க," என்றாள் ஜோஸ்பின். "அவுக போன் இல்லாம இது நடக்காது. அன்னைக்கு இங்கயும் ஆஸ்பத்திரியிலயும் நின்னது நீங்க மூணு பேருதான், ஒருத்தர்ட்ட அது இருக்கு."

கலீலுல்லா மூச்சு விட்டார். "அக்கா, நாங்க மூணு பேரும் இங்கதான இருக்கோம். கோடு ஓடுதுல்லா? அப்ப நாங்க இல்லன்னு ஆச்சு."

"பாக்கிற ஆளு வேற, எடுத்த ஆளு வேற தம்பி."

பாங்கு எழுந்தது. கோடு நின்றது. ஜோஸ்பின் கலீலுல்லாவின் பக்கம் திரும்பினாள்.

"நெட்டுல பழகுனவன் இந்தத் தொடரக் காலையிலயே பாத்துருவான். ஜிபின்னா ஒரே மூச்சுல பத்து அத்தியாயம் பாப்பான். எட்டரை வரைக்கும் காத்திருக்கிறது கேபிள் பாத்தே பழகுன வீடு. பாங்கு கேட்டதும் நிறுத்தி, தொழுகை முடிஞ்சு பாக்கிறது இந்தப் பள்ளிவாசல் சத்தம் கேக்கிற வீடு. ஜாபெஸுக்குக் கோவண்டி, அங்க இது கேக்காது."

"அது மட்டும் வச்சா அக்கா..."

"அது மட்டும் இல்ல. போன் ஆட்டோல குலுங்கி விழுந்துச்சுன்னீங்க. அவுக பையில போனுக்கு முன்னால கண்ணாடி இருக்கும். போன் விழுந்தா கண்ணாடி அதுக்கு முந்தியே விழணும். கண்ணாடி மடிச்சபடி என் கைக்கு வந்துச்சு. கொண்டுவந்தது நீங்க. கண்ணாடிய எடுத்த கைதான் போனையும் எடுத்திருக்கணும்."

ஜிபின் மெல்லச் சொன்னான்: "சாச்சா, ஒரு டிவியில பாக்கிறது இன்னொரு டிவியில தெரியும். இது கேபிள் இல்ல."

கலீலுல்லா திரையைப் பார்த்தபடி இருந்தார். "எனக்கு அது தெரியாதுப்பா," என்றார். "நம்ம காலத்துல ஒரு வீட்டுல ஓடுறது அடுத்த வீட்டுக்குத் தெரியுமா?"

"ஏன் எடுத்தீரு?" ஜாபெஸ் எழுந்துவிட்டான். "அண்ணன் கூடவே இருந்துக்கிட்டு, செத்தவன் பையிலயா கை வைப்பீரு?"

"உக்காரு ஜாபெஸ்," என்றாள் ஜோஸ்பின்.

"திருடணும்னு எடுக்கல," என்றார் கலீலுல்லா. "அன்னைக்குக் காலையில அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப்ல பேசி அனுப்புனேன். சந்துல கடைசியா இருந்த வீடுகள்ல உங்க வீடும் ஒண்ணு. நீங்களும் போய்ட்டீங்கன்னு ஒரு வெறி. இருபது வருஷமா மழையில கம்பத்துல தொங்குனவனை விட்டுட்டுப் போறியா, நீ நல்லாருக்க மாட்ட, நாசமாப் போவன்னு... வாயில வந்ததெல்லாம் சொன்னேன். மத்தியானம் அதே மனுஷன நானே தூக்கிட்டு ஓடுறேன். பாதி வழியில கண்ணு சொருகிருச்சு." அவர் நெற்றியைத் தேய்த்தார். "ஆஸ்பத்திரியில சாமான என் கையில தந்தாங்க. போன நீங்க தொறப்பீங்க, என் குரலக் கேப்பீங்க. நான் சபிச்சுத்தான் செத்தாகன்னு நெனைப்பீங்க. எனக்கே அப்படித்தான் இருக்கு அக்கா. என் போன்ல அழிச்சேன். அண்ணாச்சி போன்ல அழிஞ்சுதான்னு தெரியல. பூட்டையும் தொறக்கத் தெரியல. அப்படியே அணைச்சு வச்சிட்டேன்."

"சீரியல்?"

"நூர் நிஷா படுத்துக்கிட்டே சுவரப் பாத்து அழுதா. கேபிள்காரன் வீட்டுலயே டிவி ஓடலன்னா எப்படி? அண்ணாச்சி நம்பர் தெரியும். பக்கத்து வீட்டு நெட்ட டிவிக்கு வாங்கி நம்பரப் போட்டேன். பூட்டத் தொறக்காமலே ஓடிபி மேல தெரிஞ்சுது. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் வாங்குனதுன்னு நெனைக்கா."

"போய் எடுத்துட்டு வாங்க."

அவர் போனார். படியில் காலடி தேய்ந்தது. ஜாபெஸ் முணுமுணுத்தான், போலீஸ் என்றான். அவள் காதில் எதுவும் விழவில்லை. அவர் திரும்பி வந்தபோது போன் ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றியிருந்தது. அவள் அதைச் சார்ஜில் போட்டு உயிர்ப்பித்தாள். பூட்டைத் திறக்கும் கோலத்தை விரல் தானாகப் போட்டது. பாட்டுகள் இருந்தன. வரிசையாக, ஒன்றுவிடாமல் இருந்தன. முதல் பாட்டின்மேல் விரலை வைக்கப் போனாள். வீட்டு இன்டர்நெட்டை அந்தப் போன் தானே அடையாளம் கண்டு பிடித்துக்கொண்டது.

கலீலுல்லாவின் சட்டைப் பை ஒலித்தது.

அவர் எடுத்துப் பார்த்தார். "அண்ணாச்சிட்ட இருந்து வந்திருக்கு," என்றார்.

ஜாபெஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டான். ஜிபின் எட்டி ஜோஸ்பின் கையிலிருந்த போனைப் பார்த்தான். "அங்கிள் அன்னைக்கே பேசி அனுப்பியிருக்காரு. அப்ப நெட் போயிருக்கும், போகாம நின்னுருக்கு. பூட்டத் தொறந்து வீட்டு நெட் கிடைச்சதும் இப்பதான் கிளம்புது."

"போடுங்க," என்றாள் ஜோஸ்பின்.

கலீலுல்லா அதை அழுத்தினார். முதலில் ஒரு மின்விசிறியின் ஓசை. பிறகு அந்தக் குரல், அறை நிறைய.

"ஏல கலீலு, காலங்காத்தால என்னா வாயில உனக்கு! நீ திட்டுனதே நல்லாத்தான் இருக்கு போ. இந்தக் கம்பெனிக்காரன் ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னே ஒரு மாசத்த ஓட்டிட்டான். நேத்து மேட்ச்சுல கடைசி ஓவர், வட்டம் சுத்துது. பக்கத்து வீட்டுல கத்துதான், ஜெயிச்சோமா தோத்தோமான்னு தெரியல. நீ வந்து ஒயர மாட்டு. ஜோஸ்பின் கத்துவா, வருஷத்துக்குக் கட்டியாச்சுன்னு. கத்தட்டும். கத்தும்போது அவளுக்கு மூக்கு மட்டும் செவக்கும், பாத்திருக்கியா? நான் அதப் பாக்கவே சில சமயம் வம்பு இழுப்பேன். சரி, நாளைக்கு வாறியா? ஒரு வார்த்தை சொல்லு. காத்துக்கிட்டு இருக்கேன்."

குரல் நின்றது. வெளியே தகரக் கூரைகள்மேல் மழை.

கலீலுல்லா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஜோஸ்பினின் மூக்கு சிவந்திருந்தது.

"காத்துக்கிட்டு இருக்காகல்லா," என்றாள். "பதில் சொல்லுங்க தம்பி."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு போனை வாயருகே கொண்டுபோய், பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"வாறேன் அண்ணாச்சி."

ஜோஸ்பின் கையிலிருந்த போன் மெல்ல அதிர்ந்தது.