அன்னக்கூடை யாருடைய பாட்டு?

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது லோகநாயகியின் துப்பறியும் அலுவலகம். வருகிற வழக்குகளில் முக்கால்வாசி, மாப்பிள்ளை உண்மையிலேயே அமெரிக்காவில்தான் இருக்கிறாரா என்ற வகை. அதனால் வானொலியில் தினமும் கேட்கிற ஒரு குரல் நேரில் படியேறி வந்த காலையில், உதவியாளன் பிரிட்டோ நாற்காலியைத் துடைப்பதா, செல்ஃபி கேட்பதா என்று தெரியாமல் இரண்டையும் அரைகுறையாகச் செய்தான்.

வந்தவள் ஆர்.ஜே. ஜெயப்ரியா. நிகழ்ச்சியில் அவள் பேசும் தமிழ் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும். அன்று அதில் கொஞ்சம் கசங்கல் தெரிந்தது.

"என்னோட முதல் ஹிப்-ஹாப் ஆல்பம் நாளைக்கு வெளியாகுது, மேடம். அதுல முக்கியமான பாட்டு 'அன்னக்கூடை'. எங்கம்மா கோவளத்துலேர்ந்து மீன் எடுத்துட்டு வந்து, அன்னக்கூடையைத் தலையில சுமந்து மாடம்பாக்கம் தெருவெல்லாம் வித்தவங்க. அவங்க பேச்சுலயே அந்தப் பாட்டை எழுதினேன். இப்ப ஹேமநாத்னு ஒருத்தன் அது தன்னோடதுங்கறான்."

"அவர் யாரு?"

"எனக்குக் கோரஸ் பாட வந்தவன். நான் ஜூன் மாசம் பதிவு பண்ணினேன். அவன் ஏப்ரல்லயே, பெரிய வெள்ளி அன்னிக்கே பாடி வெச்சதா ஒரு ஆடியோ போட்டிருக்கான். ஃபைல்லயும் அந்தத் தேதிதான் இருக்கு. ஊரே அவனை நம்புது."

"ஏன் நம்புது?"

ஜெயப்ரியா சற்றுத் தயங்கினாள். "ரேடியோல நான் இப்படித்தானே பேசுறேன். 'இந்தம்மா வீட்டை ஒரு தடவையாவது வூடுன்னு சொல்லியிருக்குமா'ன்னு கேக்குறாங்க. இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள நிரூபிக்கலைன்னா, பாட்டு ஹேமநாத் பேர்லதான் வரும்னு ஆல்பத்தை வெளியிடுற மோகன்ராஜ் சார் சொல்லிட்டார்."

"உங்கம்மாவைக் கேட்டா தெரிஞ்சிடுமே," என்றான் பிரிட்டோ.

"பெத்தவ சாட்சியை யாரு ஏத்துக்குவாங்க? ஆல்பம் நின்னாக்கூடப் பரவாயில்ல. எங்கம்மா பேச்சு இன்னொருத்தன் பேர்ல போகக் கூடாது, மேடம்."

பல்லாவரத்தில், ஒரு மாதா கோயிலுக்கு எதிரே மாடி அறையில் வாடகைக்கு இருந்தான் ஹேமநாத். ஒல்லியான இளைஞன். அறை முழுக்க மைக்கும் வயர்களும், எதிரொலியைத் தடுக்கச் சுவரில் ஒட்டிய முட்டை அட்டைகளும். துப்பறிய வந்தவர்கள் என்று தெரிந்தும் அவன் முகம் சுளிக்கவில்லை. கேட்பதற்கு முன்பே ஆடியோவைப் போட்டுக் காட்டினான்.

"நல்லா கேளுங்க மேடம். ஒரே டேக். வெட்டு, ஒட்டு ஒண்ணும் கிடையாது. நடுவுல எதிர் கோயில் மத்தியான மணிகூட விழுந்துகீது பாருங்க. இதுக்கு மேல இன்னா ப்ரூஃப் வோணும்?"

பாட்டின் நடுவே மணி மும்மூன்றாக ஒலித்தது. சொல்லி வைத்ததுபோல் அதே நேரத்தில் வெளியிலும் மத்தியான மணி அடித்தது. பிரிட்டோ நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உன்னிப்பாகக் கேட்டான். அதே மணி. அதே கணீர்.

"பெரிய வெள்ளி அன்னிக்கு முழுக்க இங்கதான் இருந்தீங்களா?" என்று கேட்டாள் லோகநாயகி.

"ஆமா மேடம். லீவாச்சே."

கீழே வீட்டுக்கார அம்மா ஞானம்மாள் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். லோகநாயகி அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: கோயில் மணியை அடிப்பது மனிதரா, இயந்திரமா?

"மிஷினா? கோயில்பிள்ளை சவுரிமுத்துதான் கயிறு புடிச்சு இழுக்குறாரு," என்றாள் ஞானம்மாள்.

ஆட்டோவில் பிரிட்டோ பொறுக்க முடியாமல் ஆரம்பித்தான். "மேடம், பிடிச்சுட்டேன். வெள்ளிக்கிழமைன்னா பல்லாவரம் சந்தை. ஆடியோல சந்தைச் சத்தமே இல்லையே."

"சந்தை நடக்கிற இடம் அங்கிருந்து ரொம்பத் தள்ளி, பிரிட்டோ."

"அப்போ மணியும் அதே மணிதான். அவன் சொல்றது நிஜமோ என்னமோ," என்று சோர்ந்துபோனான். லோகநாயகி தெருப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

மாலையில் மாடம்பாக்கத்தில் மோகன்ராஜின் ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். மோகன்ராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஹேமநாத் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"பிரிட்டோ, இந்த வருஷம் பெரிய வெள்ளிக்குக் கோயிலுக்குப் போனியா?" என்று தொடங்கினாள் லோகநாயகி.

"போகாம இருப்பேனா மேடம்? சிலுவைப்பாதை முழுக்க நடந்தேன்."

"ஜனங்களைக் கோயிலுக்கு எப்படிக் கூப்பிட்டாங்க?"

"மரக்கட்டையைத் தட்டி..." என்றவன் பாதியில் நிறுத்தினான். அப்புறம் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"பெரிய வியாழன் பூசையில நிறுத்தின மணி, ஈஸ்டர் பூசையிலதான் திரும்ப ஒலிக்கும். நடுவுல துக்கம். மணியே அடிக்க மாட்டாங்க. மிஷினா இருந்தா தானா அடிச்சிருக்கலாம், அங்க கயிறு இழுக்கிறது கோயில்பிள்ளை. என் வீட்டுப் பக்கத்துலயும் ஒரு மாதா கோயில் இருக்கு. அந்த மணியைக் கேட்டுத்தான் நான் அடுப்பை மூட்டுறது. வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கு என் சமையல் தாமதமாகும். ஹேமநாத், உங்க ஆடியோல மணி அடிக்குது. ஒரே டேக்னு நீங்களே சொன்னீங்க. அப்போ அது பெரிய வெள்ளி இல்ல. கம்ப்யூட்டர்ல தேதியை ஏப்ரலுக்கு மாத்தி வெச்சுட்டு, இவங்க பாட்டைக் கேட்டதுக்கு அப்புறம் பதிவு பண்ணியிருக்கீங்க."

ஹேமநாத் காலைக் கீழே இறக்கினான்.

"எதிர்லயே இருந்தும் இது உங்களுக்குத் தெரியலைன்னா, அந்த லீவுல நீங்க பல்லாவரத்துலயே இல்ல," என்றாள் லோகநாயகி.

"செய்யூருக்குப் போய்ட்டேன்," என்றான் அவன் தரையைப் பார்த்து. "பத்து வருஷமா இதே பாஷைல கத்திகினு கீறேன் மேடம். ஒரு பய திரும்பிப் பாக்கல. இவங்க ரேடியோல நீட்டா பேசுவாங்க, ஒரே நாள்ல ஆல்பம் வந்துரும். இது எங்க பேச்சு. இவங்களுக்கு இன்னா தெரியும்னு கோவம்."

அவன் சொன்னதில் வலி இருந்தது. பிரிட்டோவுக்குக்கூட ஒரு நிமிடம் பாவமாக இருந்தது. ஜெயப்ரியா எழுந்தாள்.

"இன்னா தெரியுமா? விடிகாலைல எய்ந்து எங்கம்மா கூட அன்னக்கூடை தூக்கிகினு வந்தவடா நான். என் வூட்டுப் பேச்ச எனக்கே கூவி விக்க வந்துகீறியா?"

அந்தக் குரலை மோகன்ராஜ் அதுவரை கேட்டதில்லை. ஹேமநாத் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஃபோனை எடுத்து ஆடியோவை நீக்கினான். பிறகு, தான் போட்டது பொய் என்று எல்லோர் முன்னாலும் எழுதிப் பதிவிட்டான்.

வாசலில் ஜெயப்ரியா நன்றி சொன்னபோது லோகநாயகி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொய் அவனோடது. ஆனா ஊர் அதை நம்பினதுக்குக் காரணம் நீங்க. இந்தக் குரலை இத்தனை வருஷமா ஏன் ஒளிச்சு வெச்சீங்க?"

மறுநாள் காலை பேக்கரியில் பிரிட்டோ வானொலியைச் சத்தமாக வைத்தான்.

"இன்னா சென்னை, எய்ந்துகினியா? நான் ஜெயப்ரியா. கோவளம் அங்காளம்மா பொண்ணு. எங்கம்மா பக்கத்துலதான் குந்திகினு கீது. பேசும்மா."

பிறகு ஒரு கரகரத்த குரல் வந்தது.

"இன்னாடி, இதுல இப்டிலாம் பேசலாமா?"